அத்தான் மழைக்கோட்டு மாட்டிய கிறிஸ்துமஸ்

இது நடந்து ஆறேழு வருடம் இருக்கும். அப்போது நாங்கள் கோலா பிலா டவுனிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அன்று கிறிஸ்துமஸ். நாங்கள் இந்துக்கள் என்பதால் எங்களுக்கு அது ஒரு பொது விடுமுறை, அவ்வளவுதான். காலையில் எழுந்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அவர் பிறந்து வளர்ந்ததும் அங்கிருந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மந்தின் டவுனில் குடியிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்து தேறியவர். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஜெபம் செய்திருக்கிறார்கள். அதிலிருந்து இருவரும் சபைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அது பெரிய பிரச்சினையாக இல்லை. மாமனார் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு, "எந்தச் சாமியாவது மருமகளக் காப்பாத்துச்சே, அது போதும்," என்று விட்டுவிட்டார். தீபாவளிக்கு அத்தான் குடும்பம் வரும், சாப்பிடும், போகும். எல்லாம் மாமனார் தவறியபோதுதான் உடைந்தது.

அப்பாவுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அத்தான் எல்லோர் முன்னாலும் மெதுவாகச் சொன்னார், பாடையைத் தூக்குகிறேன், குழி வெட்டச் சொன்னாலும் வெட்டுகிறேன், கொள்ளி மட்டும் என்னால் வைக்க முடியாது என்று. உறவுக்காரர்கள் கத்தினார்கள். ஒருவர் சட்டையைப் பிடிக்கக்கூடப் போனார். அத்தான் வெளியே போய்விட்டார். சிரம்பான் மின்சுடலைக்கு நாங்கள் கிளம்பியபோது அவரைக் காணவில்லை. இளையவரான என் வீட்டுக்காரர்தான் மொட்டை போட்டு, குடம் உடைத்து, எல்லாவற்றையும் செய்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். "அப்பா கடைசியாப் போறப்ப ஓடிப் போனவன் எனக்கு அண்ணன் இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கல்யாண வீடுகளில் அண்ணன் ஒரு பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தால் தம்பி சாப்பிடாமலே கிளம்பிவிடுவார். நானும் ஓரகத்தியும் மட்டும் அவ்வப்போது போனில் பேசிக்கொள்வோம். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், இடுப்பு வலி குறைந்ததா, இந்த மாதிரி. என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். தெரியாத மாதிரியே இருந்துகொண்டார்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த சில கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் லயத்துக் கடைசியில் இருந்த ஆயாக்கொட்டகையில் கிறிஸ்துமஸ் ஆராதனை வைக்க மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பல வருடமாகச் சும்மா கிடந்தது. வெள்ளையடித்து, கலர்க் காகிதம் கட்டி, நன்றாகவே செய்திருந்தார்கள். சபையில் பிரசங்கம் செய்யும் அத்தான்தான் ஆராதனையை நடத்த வருகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். ஓரகத்தி போனில் சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருந்தார். நான் வாங்க என்று சொல்லிவிட்டேன்.

காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வரட்டும். புள்ளைங்களப் பாத்துட்டுப் போகட்டும். நான் இருக்க மாட்டேன்," என்றார்.

"எங்க போவீங்க?"

"ஆட்டுக்குத் தழை வெட்டணும்."

தழை முந்தின நாள்தான் வெட்டிப் போட்டிருந்தார்.  கத்தியையும் கோணிப்பையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காட்டுப் பக்கம் போய்விட்டார். போகும்போது மகன் பின்னால் உட்கார வேண்டும் என்று அழுதான். வழக்கமாகக் கூட்டிக்கொண்டு போகிறவர், அன்று என்னவோ இறக்கி விட்டுவிட்டார். நல்லவேளை என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

லயம் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று நாள் தொடர் லீவு. காடி, அதாவது கார், வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போயிருந்தன. ஆயாக்கொட்டகையிலிருந்து கித்தார் சத்தமும் பாட்டும் வந்தது. மகன் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தான். மகள் வாசல்படியில் உட்கார்ந்து அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மதியச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் சாப்பிடுவாரா, சாப்பிட்டால் இவர் கோபப்படுவாரா என்று அதே யோசனை.

அப்போதுதான் தோட்டத்தில் பழக்குலை வெட்டும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் ஓடி வந்தார். லீவு நாளில் பாரிட்டில், அதாவது காட்டுக்குள் ஓடும் பெரிய வாய்க்காலில், மீன் பிடிக்கப் போகிறவர். சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றியிருந்தார். ஒரு கண் மூடிப் போய் வீங்கியிருந்தது.

"காக்கா, அபாங் ஜாத்தோ," என்று மூச்சு வாங்கியபடி மலாயில் சொன்னார். "தெபுவான். பாஞாக் தெபுவான்."

அக்கா, அண்ணன் விழுந்துவிட்டார், குளவி, நிறையக் குளவி. தெபுவான் என்றால் சின்னக் குளவி இல்லை. செம்பனை மட்டைக்குள்ளே பானை மாதிரி கூடு கட்டும் பெரிய காட்டுக் குளவி. மாட்டையே கொன்றிருக்கிறது என்று தோட்டத்தில் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் காய்ந்த மட்டையை இழுத்திருக்கிறார், கூடு அதன் பின்னால் இருந்திருக்கிறது. ஓடியவர் பாரிட்டுக்குள் சறுக்கி விழுந்துவிட்டார். இந்தத் தம்பி தூக்கப் போயிருக்கிறார், கிட்ட நெருங்க முடியவில்லை.

போனை எடுத்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். கிடைத்தாலும் ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வந்து, காட்டு ரோட்டைக் கண்டுபிடித்து, எப்போது சேரும்? பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. லயம் முழுக்க வண்டிகள் நின்ற இடம் ஒன்றே ஒன்று, ஆயாக்கொட்டகை வாசல்.

பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

வாசலுக்குப் போனதும் கால் நின்றுவிட்டது. உள்ளே எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையும் டையுமாக அத்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி ஆட்டுக்குக் காவல் இருந்தவர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையில் செய்த சிறகுகளோடு சின்னப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாகக் காத்திருந்தார்கள். இத்தனை வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன தம்பிக்காக, பெருநாள் ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டு இவர் வருவாரா என்று எனக்குள் ஒரு பயம். 

நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அத்தானே என்னைப் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"அவரக் குளவி கொட்டிருச்சு அத்தான். காட்டுல விழுந்து கெடக்காரு."

கையிலிருந்த பைபிளை நாற்காலியில் வைத்தார்.

"மூச்சு இருக்கா?"

"தெரியல."

அவ்வளவுதான் கேட்டார். சபையைப் பார்த்துத் திரும்பி, "மோட்டார்ல வந்தவங்க மழைக்கோட்டு, ஹெல்மெட் எல்லாத்தையும் கொண்டாங்க. சீக்கிரம்," என்றார். டிசம்பர் மழைக்காலம் என்பதால் எல்லா மோட்டாரிலும் மழைக்கோட்டு இருந்தது. ஓரகத்தி ஓடிவந்து என் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார். யாரோ மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த கெட்டித் துணியை அவிழ்த்து, வெளியே குழாயடியில் நனைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். ஒருவரிடம் அத்தான், "நீங்க தொட்டி மேட்டுக்குப் போயி ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. குளவி கொட்டுன ஆள் வருதுன்னு சொல்லி வைங்க," என்றார். டையைக்கூடக் கழற்றவில்லை. அதற்கு மேலேயே மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே துண்டைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினார். சபையில் கித்தார் வாசித்த இளைஞரும் அதே மாதிரி ஏறினார். வழி காட்ட அந்த வங்காளதேசத்துத் தம்பி முன்னால் உட்கார்ந்தார். நானும் ஏறிவிட்டேன். வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை.

செம்மண் ரோட்டில் வேன் குதித்துக்கொண்டு போனது. அவருடைய மோட்டார் ரோட்டோரம் நின்றது. அதைத் தாண்டி, பாரிட்டுக் கரையில், கோணிப்பை கிடந்தது. வேன் நின்றதுமே குளவிகள் கண்ணாடியில் பட்பட்டென்று மோத ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் அளவு இருக்கும். நான் கதவுப்பிடியில் கை வைத்தேன்.

"நீ எறங்கக் கூடாது," என்றார் அத்தான். "எறங்குனா நான் ரெண்டு பேரத் தூக்கணும்."

அவரும் அந்த இளைஞரும் இறங்கிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தான் பாரிட்டுக்குள் இறங்கினார். இடுப்பளவு ஆழம், அடியில் கொஞ்சம் தண்ணீர். ஈரத் துணியை விரித்துத் தம்பியின் மேல் போர்த்தினார். பிறகு தானும் அப்படியே அதன் மேல் குனிந்து படுத்துக்கொண்டார். மஞ்சள் கோட்டின் மேல் கறுப்புக் கறுப்பாக உட்கார்ந்தன. அவர் கையில் உறை எதுவும் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று எனக்குத் தெரியாது. கூட்டம் கொஞ்சம் விலகியதும் இருவருமாகத் துணியோடு சேர்த்துச் சுருட்டித் தூக்கிக் கரையேற்றினார்கள். நான் பின் கதவைத் திறந்து காலைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கூடவே நுழைந்த இரண்டு மூன்றை அந்த இளைஞர் ஹெல்மெட்டால் நசுக்கினார்.

துணியை விலக்கிப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டன. உதடு தடித்துத் தொங்கியது. மூச்சு இருந்தது, ஆனால் உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

இளைஞர் வேனை ஓட்டினார். அத்தான் கீழே உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமனாரும் மாமியாரும் போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"டேய், தூங்காத. தொரை பங்களா ரம்புத்தான் மரம் ஞாபகம் இருக்கா? நான் மரத்துல இருந்தேன், நீ கீழ நின்ன. நாய் வந்ததும் என்னைய விட்டுட்டு ஓடிட்டல்ல? அப்பாகிட்ட யாரு போட்டுக் குடுத்தது? சொல்லு. வாயத் தொறந்து சொல்லு."

 விசில் சத்தம் மட்டும். அத்தான் கன்னத்தில் தட்டுவார், மறுபடியும் அதையே கேட்பார். நான் முனியாண்டியைக் கூப்பிட்டேன், மாரியம்மாவைக் கூப்பிட்டேன், மாங்கல்யத்தைப் பிடித்துக்கொண்டு யார் யாரையோ கூப்பிட்டேன். விசில் சத்தம் மெலிய ஆரம்பித்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தான், உங்க சாமிகிட்டயும் கேளுங்க அத்தான்."

அவர் நிமிரவில்லை. "கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கேன்," என்றார். "நீயும் விடாம கேளு."

அன்று அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். தொட்டி மேட்டுக்குப் போனவர் போன் போட்டுவிட்டார். வேன் நின்றதும் தள்ளுக்கட்டிலைக் கொண்டுவந்து, வாசலிலேயே தொடையில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக்குழாய் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தியது. நானும் அத்தானும் வெளியே நின்றோம். என் காலில் செருப்பில்லை. அவர் இன்னும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அந்த வங்காளதேசத்துத் தம்பிக்கு ஒரு நர்ஸ் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மலாய்க்காரப் பெண் டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பெண்தான், என் தங்கை வயது இருக்கும். முகக்கவசத்தை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூச்சுத் திறந்துவிட்டது, பேசக்கூட முயற்சி செய்கிறார், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தொண்டை அடைத்துப் போயிருக்கும் என்று மலாயில் சொன்னார்.

 அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"ஸ்தோத்திரம்," என்று அத்தான் சொன்னது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரோடு சறுக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

நர்சுகள் ஓடி வந்து மழைக்கோட்டைக் கழற்றினார்கள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை வீங்கி, விரல் மடங்கவில்லை. துண்டு விலகிய இடத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு. காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், எங்கெங்கோ கொட்டியிருந்தது. அவரையும் உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டார்கள். கண் திறந்ததும் நான், "சொல்லியிருக்கக் கூடாதா அத்தான்?" என்று கேட்டேன்.

"மொதல்ல அவனப் பாத்து முடிக்கட்டும்னு இருந்தேன்," என்றார், சாதாரணமாக.

சாயங்காலம் இருவரையும் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். வேறு இடம் இல்லை என்று நர்ஸ் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பதற்றம்தான். இவர் கண் திறந்து அண்ணனைப் பார்த்தால் என்ன செய்வாரோ.

அதற்குள் ஓரகத்தி என் பிள்ளைகளோடு வந்துவிட்டார். சபைக்குச் சமைத்த பிரியாணியைப் பெரிய டப்பாவில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் மகள் முதுகில் இன்னும் அட்டைச் சிறகு கட்டியிருந்தது. மகன் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாங்கள் போன பிறகு பிள்ளைகள் இரண்டும் அழுகையை நிறுத்தவில்லையாம். அதனால் அன்று போடவிருந்த கிறிஸ்துமஸ் நாடகத்தை நடத்தி, அதில் இவர்களையும் சேர்த்துவிட்டார்களாம். மகள் தேவதூதன், மகன் ஆட்டுக்குட்டி. சபைப் பெண்கள் சிலர் எங்கள் வீட்டுக்குப் போய், உரித்து வைத்த வெங்காயத்தை எடுத்து மூடி, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் லேசாகத் திறந்தது. பக்கத்துக் கட்டிலில், கையிரண்டும் கட்டுப் போட்டு, முகம் ஒரு பக்கம் உப்பிப் போய் உட்கார்ந்திருந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு அது?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சொல்வதற்குள் அத்தானே, "ஒங்கண்ணன்தான்டா. நீ மட்டும் பாக்கறதுக்கு நல்லாவா இருக்க?" என்றார்.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உதடு வலிக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. அண்ணனுக்கும் அதே கதி. இருவரும் முகத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி சிரித்தார்கள். எதிர்க்கட்டில் சீனத் தாத்தா எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

இருவரும் ஒருவழியாகச் சிரிப்பை அடக்கினார்கள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு ஏன்ணே விட்டுட்டுப் போன?" என்றார். எந்த நாளைச் சொல்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "கொள்ளி வைக்கலன்னாக்கூடப் பரவால்ல. எனக்குக் கை நடுங்குச்சு. நீ பக்கத்துல நின்னிருந்தாப் போதும்."

அத்தான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் போகலடா," என்றார். "ஒங்க பின்னாலயேதான் வந்தேன். மின்சுடலை வேலிக்கு அந்தப் பக்கம் வேனுக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். உள்ள வந்தா மறுபடியும் சத்தம் போடுவாங்க, அப்பா போற நேரத்துல எதுக்குன்னு பாத்தேன். பொகை வந்து அடங்குற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனேன்."

எனக்கு இது தெரியாது. ஓரகத்திக்குக்கூட அன்றுதான் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் இவர்.

"நீ எங்க பேச விட்ட?"

 இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண் வீக்கத்தில் கண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்றுகூடத் தெரியவில்லை. அத்தான் எழுந்து வந்து, பிடிக்க விரல் மடங்காததால், கட்டுப்போட்ட கையை அப்படியே தம்பியின் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. குளவி விஷம் சிறுநீரகத்தைத் தாக்கலாம், அதனால் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் போனது கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தது.  டிரிப் மேல் டிரிப் ஏற்றினார்கள். அத்தானைப் போகச் சொன்ன பிறகும் அவர் மந்தினுக்குப் போகவில்லை. பள்ளி லீவுதானே, வேனுக்கு என்ன வேலை என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரே கூட இருந்தார். ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் போத்தலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நர்சிடம் கொண்டுபோவாராம். இவருக்குக் கூச்சம்.

"நீ வைண்ணே, நர்ஸ் வந்து எடுத்துக்கும்."

"ஒன்னையக் கழுவி விட்டதே நான்தான்டா. சும்மா படு."

ஒரு நாள் காலை நான் வார்டுக்குள் நுழையும்போதே அத்தான் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வெள்ளையாக, தண்ணீர் மாதிரி இருந்தது. இரத்தச் சோதனையும் சரியாக வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல செய்திகளைக் கேட்டிருப்பார்கள். ஒரு மூத்திரப் போத்தலைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் சபைக்குப் போகவில்லை, அத்தான் கோயிலுக்கு வருவதில்லை. விபூதி கொடுத்தால் அவர் வாங்குவதில்லை, வா ஜெபிக்கலாம் என்றால் இவர் வெளியே போய் மோட்டாரைத் துடைப்பார். சில சமயம் அதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதமும் வரும். ஆனால் மாமனார் திதிக்கு அத்தான் காலையிலேயே வந்துவிடுகிறார். சாமிக்குப் படைத்ததை அவர் சாப்பிடுவதில்லை, அதனால் நான் படையல் போடுவதற்கு முன்பே அவர் பங்கை எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுவேன். சாமி கும்பிடும் நேரத்தில் அவர் வெளியே வாழைமரத்தடியில் நிற்பார். கும்பிட்டு முடிந்ததும் தம்பி போய்க் கூப்பிடுவார், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிறிஸ்துமசுக்கு நாங்கள் மந்தின் போகிறோம். ஆராதனை முடியும் வரை என் வீட்டுக்காரர் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பிரியாணிக்கு நெருப்புப் பார்ப்பார். அந்த வேலையை வேறு யாரையும் தொட விட மாட்டார்.

இப்போது நாங்கள் தோட்டத்தில் இல்லை, டவுனுக்கு வந்துவிட்டோம். அந்த வங்காளதேசத்துத் தம்பியும் ஊர் திரும்பிவிட்டார். போகும் முன் ஒரு நாள் வீட்டில் சாப்பிட வைத்து, என் வீட்டுக்காரர் கட்டிப்பிடித்து அனுப்பி வைத்தார். எந்தச் சாமி அன்று காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்வார்கள். அத்தானுக்கு ஒரு பதில் உண்டு, எனக்கு ஒரு பதில் உண்டு, நாங்கள் அதைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. யார் வீட்டிலாவது அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டால் மட்டும் எனக்கு மனசு தாங்காது. உள்ளுக்குள் எவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பேசாமல் இருக்கிறார்களோ என்று தோன்றும், ஆபத்து வருகிறவரை காத்திருக்காதீர்கள் என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி.